முதல் பழைய பெட்டி: கணக்குப் பெட்டியா, நெட்டூரா, பர்மா அரக்கா, பித்தளைச் செல்லமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலோ, கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலோ உள்ள பழம்பொருள் கடைக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெட்டியின் முன்னால் நின்றுவிடுவார்கள். தூண் வாங்கினால் நிறுத்த இடம் கிடையாது. கதவு வாங்கினால் மாட்டச் சுவர் கிடையாது. பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம், வாடகை வீட்டிலும் வைக்கலாம், வீடு மாறினால் கூடவே வரும். பழைய பொருள்மேல் ஆசை வந்த பலருக்கு முதல் கொள்முதல் ஒரு பெட்டியாகவே அமைகிறது. எந்தப் பெட்டி என்பதில்தான் குழப்பம்.

நம் பக்கத்துக் கடைகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை நான்கு: வட்டிக்கடைகளிலும் மளிகை மண்டிகளிலும் இருந்த கணக்குப்பிள்ளைப் பெட்டி, மலபார் பக்கத்து நெட்டூர்ப் பெட்டி, செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த பர்மா அரக்குப் பெட்டி, பித்தளை வெற்றிலைச் செல்லம். நான்கும் அழகுதான். ஆனால் நான்கும் ஒரே வீட்டில் ஒரே மாதிரி நிலைக்காது. வாங்குகிறவர்கள் மூடியின் அழகைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். உள்ளே எதை வைக்கப் போகிறோம், ஒரு நாளைக்கு எத்தனை முறை திறப்போம் என்று கடைக்குப் போகும் முன்பே யோசித்துவிட வேண்டும் என்பது என் திடமான கருத்து. தினமும் திறக்கிற பெட்டிக்குக் காற்றுப் போகும், தூசி தங்காது, மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி விழுந்தால் மறுநாளே தெரியும். ஷோகேஸில் பூட்டிவைத்த பெட்டி உள்ளுக்குள் பொடியாகிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

முதல் பெட்டிக்கு என் தேர்வு கணக்குப்பிள்ளைப் பெட்டி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவதற்கு ஏற்ற உயரம், சாய்வான மூடி, மேல் விளிம்பில் மைக்கூடும் பேனாவும் வைக்கச் சிறு தட்டையான பகுதி. செட்டியார்களின் வட்டிக்கடைகளில் பர்மா முதல் மலேயா வரை வேலை இந்தப் பெட்டியைச் சுற்றித்தான் நடந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்குப் பெட்டியடிப் பையன் என்றே பெயர். பெரும்பாலானவை தேக்கு, சில தோதகத்தி, அதாவது ஈட்டி மரம். தேக்கில் இயற்கையான எண்ணெய்ப்பசை இருப்பதால் மற்ற மரங்களைவிடக் கரையானும் உளுவும் அண்டுவது குறைவு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று வீசும் ஊர்களில் இது பெரிய ஆறுதல்.

ஒரு பெட்டியைக் கடைத் தரையில் இறக்கி வைத்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல பெட்டி என்றால் மூடியின் உட்புறத்தில் மஞ்சள் குங்குமம் வைத்த தடம் மங்கலாகத் தெரியும். ஆயுத பூஜைக்கு வைத்தது, ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். இடப்பக்கம் சில்லறைக்கான குழிவான அறைகள். நாணயத்தை விரலால் வழித்தெடுக்க வசதியாக அடிப்பகுதியைக் கிண்ணம்போல் குடைந்திருப்பார்கள். அந்தக் குழிவின் விளிம்பு மட்டும் மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருக்கும். பின்பக்கம் இருக்கும் சிறிய இழுப்பறைகளில் ஒன்றை முழுக்க வெளியே எடுத்தால் அதன் நீளம் பக்கத்து அறையைவிடக் குறைவாக இருக்கலாம். அப்படியிருந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு அறை உண்டு. கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பணம் வைக்க, பத்திரம் வைக்க என்று தச்சர்கள் செய்துவைத்த மறைவறைகள் இவை. எல்லாப் பெட்டியிலும் இருக்காது, ஆனால் தேடாமல் வாங்காதீர்கள்.

ஏமாற்று அதிகம் நடப்பதும் இந்த வகையில்தான். இடித்த வீட்டுத் தேக்குப் பலகைகளை அறுத்துப் புதிதாகச் செய்த பெட்டிகள் ஏராளம். மரம் உண்மையிலேயே பழையது, பெட்டி புதியது. கண்டுபிடிக்க வழி உண்டு. காரணமே இல்லாத இடத்தில் ஆணித்துளைகள் அடைக்கப்பட்டிருக்கும். இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பலகை வெளுப்பாக, ரம்பம் ஓடிய கோடு புதிதாக இருக்கும். மெஷின் வட்ட ரம்பம் ஓடியிருந்தால் வளைவு வளைவாகத் தடம் விட்டிருக்கும். பிளஸ் தலை ஸ்குரூ இருந்தால் அது 1930களுக்கு முன்பு போட்டதாக இருக்க முடியாது. ஒரே ஒரு கீலில் மட்டும் இருந்தால் பின்னால் யாரோ பழுது பார்த்திருக்கலாம், எல்லா இடத்திலும் இருந்தால் கடைக்காரர் சொல்லும் வயதை நம்ப வேண்டாம். கை படுகிற இடத்தில் தேய்மானமும், கை படாத மூலையில் அழுக்கும் இருக்க வேண்டும். எல்லா விளிம்பும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. இடிந்த வீட்டுப் பலகையில் செய்த பெட்டியை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. நல்ல மரம், பயன்படும் பொருள். புதிய பெட்டிக்குரிய விலைக்கு வாங்குங்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த கணக்குப் பெட்டியில் என்ன வைப்பது? ரேஷன் அட்டை, ஆதார் நகல், வீட்டு வரி ரசீது, இன்சூரன்ஸ் பத்திரம் என்று வீட்டின் காகிதம் எல்லாவற்றுக்கும் இது பொருத்தம். லேப்டாப்பும் சார்ஜரும் உள்ளே அடங்கும். தாழ்வான மேடையில் வைத்துவிட்டால் தினசரி எழுதும் மேசையாகவே ஆகிவிடும். குழந்தை உள்ள வீட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை: சாய்வு மூடி கனமானது, தூக்கி நிறுத்தும் கம்பி பல பெட்டிகளில் போயிருக்கும். விரல் நசுங்கும். மூடியின் உள்விளிம்பில் தடித்த ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள், அல்லது தச்சரிடம் சொல்லிச் சங்கிலி மாட்டுங்கள்.

நெட்டூர்ப் பெட்டியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் இரண்டாகிறது. கண்ணூர் மாவட்டத்தில் தலச்சேரிக்குப் பக்கத்திலுள்ள நெட்டூரின் பெயரைச் சுமக்கும் இந்தப் பெட்டிதான் நான்கிலும் அழகு. கேரளத்து ஓட்டுக்கூரை போல நான்கு பக்கமும் சரிந்து மேலே கூம்பும் மூடி, மூலைகளை அணைத்துப் பிடிக்கும் பித்தளைப் பட்டைகள், உச்சியில் கைப்பிடி. தோதகத்தியிலோ பலாவிலோ செய்து, பலவற்றுக்குச் செவ்வரக்குப் பூசியிருப்பார்கள். தறவாடு எனப்படும் கேரளத்துக் கூட்டுக்குடும்ப வீடுகளின் பெண்களுடைய நகைகளும் கோவில் ஆபரணங்களும் இதில் இருந்தன. அறையின் ஒரு மூலையில் வைத்தால் போதும், அந்த அறைக்கே ஒரு நிதானம் வந்துவிடும்.

ஆனால் புழக்கத்துக்கு இது சிரமமான பெட்டி. மூடி கூம்பியிருப்பதால் மேலே எதையும் வைக்க முடியாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் முடியாது. மூடி பின்னால் சாய இடம் வேண்டும் என்பதால் சுவரோடு ஒட்டி வைக்கவும் கூடாது. வெளியே பெரியதாகத் தெரியும், உள்ளே பார்த்தால் மரத்தின் தடிமன் பாதி இடத்தைத் தின்றிருக்கும். நகை வைக்கலாம்தான், ஆனால் இன்றைக்கு நகை வங்கி லாக்கரில் இருக்கிறது. வளையல், கொலுசு, ஜிமிக்கி என்று தினமும் மாற்றிப் போடும் பெண்கள் உள்ள வீட்டில் இதற்கு உண்மையான வேலை உண்டு. அப்படி இல்லாத வீட்டில் அது காட்சிப் பொருளாக நின்றுவிடும்.

இதில் நகல் மிக அதிகம் என்பது அடுத்த கவலை. கேரளத்தில் நினைவுப்பரிசாக விற்பதற்கென்றே இன்றும் செய்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்பதில் தவறே இல்லை, நல்ல தச்சர் செய்தவை பல தலைமுறை உழைக்கும். பழையது என்று சொல்லி விற்பதைச் சோதிக்க வேண்டுமானால் பித்தளையைப் பாருங்கள். பழைய பட்டைகள் வார்த்தோ கையால் தட்டியோ செய்தவை, தடிமன் இடத்துக்கு இடம் சற்று மாறும். விளிம்பில் நகத்தால் நெருடினால் தெரியும். மெல்லிய தகட்டை வெட்டி ஆணியடித்திருந்தால் அது நேற்றைய வேலை. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் காலத்தின் அழுக்கு இறுகியிருக்க வேண்டும். கைப்பிடி விழுந்து விழுந்து மூடியின் மேல் அரை வட்டத் தழும்பு ஏற்படுத்தியிருந்தால் இன்னும் நம்பிக்கை வரும்.

பர்மா அரக்குப் பெட்டி முற்றிலும் வேறு உலகம். பெட்டி என்றால் கனம் என்று நினைப்பவர்கள் இதைக் கையில் எடுத்ததும் திகைத்துப் போவார்கள். உள்ளே மரமே கிடையாது. மூங்கிலை மெல்லிய நாராகச் சீவி, சுருள் சுருளாகச் சுற்றி வடிவம் எடுப்பார்கள். மிக உயர்ந்த வேலைப்பாட்டில் மூங்கிலோடு குதிரை மயிரையும் சேர்த்துப் பின்னுவார்கள். அதன்மேல் திட்ஸி மரத்தின் கறுப்புப் பாலைப் பூச்சாகப் பூசி, ஈரப்பதமுள்ள நிலவறையில் காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். இந்த அரக்கு ஈரக் காற்றில்தான் சரியாக இறுகும். நல்ல பெட்டி ஒன்று முடியப் பல மாதங்கள் ஆகும். பிறகு எழுத்தாணியால் கீறி, ஒரு நேரத்துக்கு ஒரு நிறமாக நிரப்புவார்கள். பர்மாவின் பழைய நகரமான பகான் இதன் தலைமையிடம். 1924-ல் அங்கே அரசே ஓர் அரக்குவேலைப் பள்ளியைத் தொடங்கியது.

1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பின் செட்டியார்களின் வட்டித்தொழில் அங்கே விரிந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாகும் முன்பே பலர் கிளம்பி ஊர் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் கப்பல் கப்பலாக வந்த தேக்கோடு இந்த அரக்குச் சாமான்களும் வந்தன. செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப்பொருளாக அடுக்கி வைத்திருந்தவை பங்கு பிரியும்போதும் வீடு இடிபடும்போதும் கடைக்கு வருகின்றன. இந்தப் பெட்டிகளை வாங்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வரும். பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாமென்று ஆன ஒன்று தெருவுக்கு வருகிறது. யாராவது எடுத்து வைத்துக் காப்பாற்றினால் நல்லது.

அதிகம் கிடைப்பது உருளை வடிவ வெற்றிலைப் பெட்டி. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள் இருக்கும். மூடி ஏறக்குறைய அடிவரை இறங்கி உடலை முழுக்கப் போர்த்தியிருக்கும், அதனால் இரண்டு கையாலும்தான் திறக்க வேண்டும். விவரம் தெரியாத விருந்தாளி மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்குவார். மூடி கையோடு வரும், உள்ளே இருப்பது தரையில் விழும். விளிம்பில் சில்லு பெயர்ந்த பெட்டிகளை இவ்வளவு அதிகமாகப் பார்ப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வாங்கும்போது இரண்டு தட்டும் இருக்கின்றனவா, அவை அதே பெட்டிக்கு உரியவையா என்று பாருங்கள். வேறு பெட்டியின் தட்டு என்றால் ஆடும் அல்லது சிக்கும். பக்கவாட்டில் பர்மிய எழுத்து ஓடினால் விலை கூடுவது நியாயம்.

உணவு மட்டும் வைக்காதீர்கள். பழைய சிவப்பு சாதிலிங்கம், அதாவது பாதரசம் கலந்த நிறமி. மஞ்சள் அரிதாரம், அது ஆர்செனிக். பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி நீலத்தைச் சேர்த்தார்கள். முந்திரிப்பருப்போ சாக்லேட்டோ போட்டுத் தீபாவளிக்கு வைக்கிறேன் என்றால் உள்ளே ஒரு கண்ணாடிக் கிண்ணமாவது இருக்கட்டும், அதுவும் வந்தவர்கள் போனதும் எடுத்துவிடுங்கள். திட்ஸி மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பம். காயாத பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். இறுகிப்போன பழைய பூச்சில் அந்தப் பயம் பொதுவாக இல்லை. தையல் சாமான், கடிதங்கள், ரிமோட், மூக்குக்கண்ணாடி, ஜெபமாலை இவற்றுக்கு அரக்குப் பெட்டியைவிடப் பொருத்தமானது இல்லை.

இதன் எதிரி ஏசி அறை. வறண்ட குளிர்காற்றில் மூங்கில் சுருங்கும், பூச்சு அதோடு சேர்ந்து சுருங்காது, விரிசல் விழும். ஜன்னல் வெயிலும் ஆகாது, நிறம் வெளுக்கும். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் விரிசலுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். மென்மையான உலர்ந்த துணி போதும்.

பித்தளை வெற்றிலைச் செல்லத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உளுக்காது, கரையான் தின்னாது, ஏசியும் உப்புக் காற்றும் அதை உடைக்காது. நிறம் மட்டும் மாறும். விலையிலும் ஒரு தெளிவு உண்டு: பழைய பித்தளைக்கு எடைக்கணக்கில் அன்றைய விலை என்ன என்று பாத்திரக்கடையில் கேட்டுவிட்டுப் போனால், அதற்கு மேல் வேலைப்பாட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மர வகைகளில் இந்த வசதி கிடையாது. சுண்ணாம்புக் கரண்டகமும் பாக்குவெட்டியும் அதே செல்லத்தோடு சேர்ந்து வந்தால் விடாதீர்கள். புளி போட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோல் மினுக்கிவிட்டால் தலைமுறைகளாகக் கை பட்டு வந்த ஆழ்ந்த நிறம் போய்விடும். அந்த நிறத்துக்காகத்தான் பழையதை வாங்குகிறோம். பச்சைக் களிம்பு பூத்த இடத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள். கீல் விட்டுப்போனால் கும்பகோணம், நாச்சியார்கோவில் பக்கத்தில் பித்தளை வேலை செய்யும் கன்னார்கள் பார்த்துக் கொடுப்பார்கள். சாவி, நாணயம், மருந்துப் பட்டை வைக்க வாசல் அலமாரியில் செல்லம் கச்சிதமாக இருக்கும்.

மர அஞ்சறைப்பெட்டியும் கடைகளில் நிறைய உண்டு. மலிவு, அழகு. ஆனால் பழைய எண்ணெயும் மசாலாவும் ஊறிய மரம் என்பதால் மறுபடி சமையலுக்கு வேண்டாம், பட்டனும் நூலும் வைக்கட்டும்.

ஐந்தாவதாக ஒன்றை யாராவது உங்கள் முன்னால் வைத்தால் கை வைக்காமல் திரும்பிவிடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து விசாகப்பட்டினத்தில் ஆங்கிலேய அதிகாரிகளுக்காகச் செய்த தந்தப் பெட்டிகள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தந்தத்தில் கீறி அரக்கு நிரப்பிய பூவேலை, பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. நம் நாட்டில் தந்தம் வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாட்டன் காலத்தது என்றாலும், ஆப்பிரிக்கத் தந்தம் என்றாலும் விலக்குக் கிடையாது. ஆமை ஓடு பதித்த பெட்டிக்கும் அதே கதி. எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம். யானைக்கு இழைத்த அநியாயத்துக்கு இன்னொரு வாடிக்கையாளராக நாம் சேரக் கூடாது.

சரி, எந்த வீட்டுக்கு எது? கடற்கரை ஊர், ஜன்னல் திறந்தே இருக்கும் வீடு என்றால் கணக்குப் பெட்டியும் அரக்குப் பெட்டியும் நன்றாக இருக்கும். மூங்கில் அரக்குக்கு நம் கடலோர ஈரம் பழகிய காற்றுதான். நாள் முழுக்க ஏசி ஓடும் அடுக்ககம் என்றால் பித்தளையை முதலில் வாங்குங்கள். கனமான தேக்கும் தாங்கும், ஏசிக்கு நேர் எதிரே மட்டும் வைக்காதீர்கள், அகலப் பலகை நீளவாக்கில் பிளக்கும். இடம் குறைந்த வீட்டில் நெட்டூரைத் தவிர்ப்பதே நல்லது. இடமும் பணமும் இருந்து, ஆசையும் தணியவில்லை என்றால் நெட்டூரை இரண்டாவதாக வாங்குங்கள், முதலாவதாக வேண்டாம். ஒரு பெட்டியோடு சில மாதம் குடித்தனம் நடத்திய பிறகு கண் வேறு மாதிரி பார்க்கும், எது அசல் என்று கை சொல்லும்.

எதை வாங்கினாலும் வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் மாதம் மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். மரப்பெட்டி என்றால் அடியில் கறுப்புத் துணியோ கறுப்புத் தாளோ விரியுங்கள். துளையிலிருந்து வெளிர்ந்த பொடி உதிர்ந்தால் உள்ளே உளுப்பூச்சி உயிரோடு இருக்கிறது. வெறும் துளை மட்டும் இருந்து பொடி உதிரவில்லையென்றால் பெரும்பாலும் பழைய காயம், பயப்பட வேண்டாம். உயிருள்ள உளு என்றால் பாலிதீன் உறையில் இறுகக் கட்டிவிட்டு, மரச்சாமான் பழுதுபார்க்கத் தெரிந்தவரை அழையுங்கள். கண்ட பூச்சிமருந்தை நீங்களே உள்ளே பீய்ச்சாதீர்கள், அந்தப் பெட்டிக்குள்தான் நாளைக்குக் கை விடப் போகிறீர்கள். முடை நாற்றம் இருந்தால் நிழலில் திறந்து வைத்து, ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். வார்னிஷ் அடிக்க ஆசைப்படும் தச்சரை நிறுத்தி, தேன்மெழுகு மட்டும் தடவச் சொல்லுங்கள். சாவி இல்லாத பூட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போடவும் விடாதீர்கள். திண்டுக்கல்லில் இன்னும் கையால் பூட்டுச் செய்யும் பட்டறைகள் உண்டு, அங்கே கொண்டுபோனால் பழைய பூட்டுக்கே சாவி போட்டுத் தர வாய்ப்பிருக்கிறது.

கடைசியாக, சிங்கப்பூரிலோ லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைகளுக்காக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கும் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும், தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. உங்கள் பெட்டி அந்த வயதை எட்டாதது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்கும்போது கடைக்காரரின் வாய்வார்த்தை உதவாது. அதனால் வாங்கும் அன்றே பில்லில் என்ன மரம், எந்த ஊர்ப் பெட்டி, ஏறக்குறைய எவ்வளவு காலத்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் விலை பேசத் தொடங்காதீர்கள்.